வீட்டு நெட் மக்கர் பண்ணுதா? முதல்ல லைட்டை பாருங்க

வீட்ல நெட் போச்சுன்னா கை நேரா சுவிட்ச் போர்டுக்கு தான் போகும், டப்புனு ஆஃப், டப்புனு ஆன். ஆஃப் பண்றதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு அரை நிமிஷம் அந்த பாக்ஸ்ல எந்த லைட் எரியுது, எந்த கலர்ல எரியுதுன்னு பாருங்க, முடிஞ்சா போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க. ஏன்னா ஆஃப் பண்ணிட்டா பிரச்சனை எங்க இருந்துச்சுங்கற தடயமும் சேர்ந்தே போயிடும், அப்புறம் கஸ்டமர் கேர்ல கேட்டா சொல்றதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது.

நான் இங்க சொல்றது எல்லாம் ஃபைபர் கனெக்ஷனுக்கு. சுவத்துல இருந்து மெல்லிசா ஒரு ஒயர் வந்து ஒரு பெட்டில சொருகியிருக்கும், அதை சிலர் மோடம்ம்பாங்க, சிலர் ரூட்டர்ம்பாங்க, கேபிள்காரர் ஓஎன்யூன்னு சொல்வார், எல்லாம் ஒண்ணு தான். நெட் உங்க போனுக்கு வர்றதுக்குள்ள நாலு இடத்தை தாண்டி வருது: தெரு லைன், இந்த பெட்டி, பெட்டில இருந்து வர வைஃபை, கடைசியா உங்க போனோ லேப்டாப்போ. "நெட் ஸ்லோ"ன்னு பொதுவா சொன்னா நாலுல எதுன்னு யாருக்கும் புரியாது, வர டெக்னீஷியனும் வைஃபை பாஸ்வேர்டை மாத்திட்டு போயிடுவார். எதுன்னு நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்கன்னா பாதி நேரம் ஆளை கூப்பிட வேண்டிய அவசியமே வராது.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் முதல்லயே சொல்லிடறேன். பெட்டிக்கு பின்னாடி குண்டூசி போற அளவு சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும், ரீசெட்னு எழுதியிருக்கும், அதை தொடாதீங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்றது ரீஸ்டார்ட், அதனால ஒண்ணும் ஆகாது. அந்த ஓட்டைல குத்தி புடிச்சா கம்பெனிக்காரங்க உள்ள போட்டு வச்ச யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் நம்பர் எல்லாம் அழிஞ்சு போயிடும், பல வீட்ல ஆள் வந்து திரும்ப போட்டா தான் நெட் வரும். யூட்யூப்ல எவ்வளவு சொன்னாலும் அது கடைசி வழி தான்.

லைட்டே எரியல, இல்லன்னா தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது

இது பெரும்பாலும் அடாப்டர். பெட்டி நல்லா தான் இருக்கும், வருஷக்கணக்கா ராத்திரி பகலா சூட்டுலயே கிடந்து அடாப்டர் உள்ள இருக்கற கெபாசிட்டர் வீக் ஆகியிருக்கும். லைட் எரியும், ஆனா வைஃபைல நாலு பேர் சேர்ந்து வீடியோ பார்க்க ஆரம்பிச்சதும் கரண்ட் பத்தாம பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். புதுசு வாங்கறப்ப பழைய அடாப்டர் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் 12 வோல்ட், ஆம்பியர் 1, 1.5, 2ன்னு எதாவது இருக்கும். வோல்ட் கண்டிப்பா அதே இருக்கணும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறைய கூடாது. பின் சைஸும் பொருந்தணும், ப்ளஸ் மைனஸ் படம் வரைஞ்சிருக்கும் பாருங்க அதுவும் அதே மாதிரி இருக்கணும். பழசை கையோட கடைக்கு எடுத்துட்டு போறது தான் பெஸ்ட்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கற அந்த கண் சிமிட்டற நேரத்துல பெட்டி ஆஃப் ஆகி, திரும்ப நெட் வர ரெண்டு மூணு நிமிஷம் ஆகுதுன்னா, ரூட்டருக்குன்னே விக்கிற சின்ன 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு வாங்கி வச்சிடுங்க. வீட்ல இருந்து வேலை பார்க்கறவங்களுக்கு மீட்டிங் நடுவுல அறுந்து போறதெல்லாம் இதோட நின்னுடும்.

எல்ஓஎஸ்னு போட்ட லைட் சிவப்பா மின்னுது

எல்ஓஎஸ் சிவப்பா இருந்தா ஃபைபர்ல ஒளியே வரலன்னு அர்த்தம். இதுக்கு ரூட்டர் செட்டிங்ல உள்ள போய் எதையும் நோண்டாதீங்க, எதை மாத்தினாலும் வராது. வீட்டுக்குள்ள பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான். ஒயர் சுவத்துல இருந்து பெட்டி வரைக்கும் எங்கயாவது மடிஞ்சிருக்கா, மேஜை காலுக்கோ பீரோவுக்கோ கீழ நசுங்கியிருக்கா, வீடு கூட்டும்போது இழுபட்டு அந்த பச்சை கலர் கனெக்டர் லூஸ் ஆயிருக்கான்னு பாருங்க. ஃபைபர்ங்கறது கண்ணாடி இழை, உள்ள கண்ணுக்கு தெரியாத ஒளி போகுது, ஒயரை இறுக்கமா மடிச்சா அந்த வளைவுலயே ஒளி வெளிய கசிஞ்சு போயிடும். அதனால மிச்ச ஒயரை சின்ன சுருளா சுத்தி ரப்பர் பேண்ட் போடற பழக்கத்தை விட்டுடுங்க, சாப்பாட்டு தட்டு அளவுக்கு பெரிய வட்டமா சுத்தி ஆணில மாட்டுங்க.

கனெக்டர் லூஸா இருந்தா நேரா உள்ள தள்ளுங்க, க்ளிக்னு சத்தம் வரும். வெளிய எடுத்து நுனியை விரலால துடைக்காதீங்க, விரல்ல இருக்கற எண்ணெய்ப்பசை கொஞ்சம் ஒட்டினாலே சிக்னல் குறையும். நுனியை கண்ணுக்கு நேரா வச்சு லைட் வருதான்னு பார்க்கறது அதை விட தப்பு, அது இன்ஃப்ராரெட், வந்தாலும் கண்ணுக்கு தெரியாது, ஆனா கண்ணுக்குள்ள போகும். குழந்தைங்க இருக்கற வீட்ல இதை கண்டிப்பா சொல்லி வையுங்க.

உள்ள எல்லாம் சரியா இருந்தும் சிவப்பு போகலைன்னா வெளிய தான் அறுந்திருக்கு. அணில் கடிச்சிருக்கலாம், லோடு லாரி மேல தட்டி இழுத்துட்டு போயிருக்கலாம், மரக்கிளை வெட்டறவங்க சேர்த்து வெட்டியிருக்கலாம். உடனே போன் பண்ணி "எல்ஓஎஸ் ரெட்"னு இந்த ரெண்டு வார்த்தையை மட்டும் சொல்லுங்க, அவங்களே ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு இழுக்காம லைன் மேனுக்கு அனுப்பிடுவாங்க. அப்படியே பக்கத்து வீட்லயும் கேளுங்க, அவங்களுக்கும் அதே கம்பெனி அதே சிவப்புன்னா உங்க ஒயர் இல்ல, தெரு லைன், நீங்க வீட்ல இருந்து கதவு திறக்க வேண்டிய அவசியம் கூட இல்ல.

கரண்ட் போன நேரத்துல மட்டும் எல்ஓஎஸ் வருதா? தெருவுல இருக்கற ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே வேண்டாம், அது சும்மா ஒளியை பிரிச்சு விடற சின்ன டப்பா. ஆனா அதுக்கு பின்னாடி கேபிள்காரர் இடத்துல ஓஎல்டின்னு ஒரு மெஷின் இருக்கு, அதுக்கு பேட்டரி தீர்ந்தா அந்த ஏரியா மொத்தமும் போயிடும். உங்க வீட்ல எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, அவர்கிட்ட தான் பேட்டரி மாத்த சொல்லணும். நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து சொன்னா நடக்கும்.

பான்னு போட்ட லைட் பச்சையா நிக்குது, ஆனா இன்டர்நெட் லைட் மட்டும் சிவப்பா இருக்கு, இல்லன்னா எரியவே இல்ல

லைன் நல்லா இருக்கு, லாகின் ஆகல. முதல்ல பில் கட்டியாச்சான்னு பாருங்க, பாதி கேஸ் இது தான். கட்டியிருந்தா பெட்டியை ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு ஆன் பண்ணுங்க. அதுக்கும் வரலைன்னா அவங்க சர்வர்ல பழைய செஷன் மாட்டிக்கிட்டு இருக்கும், போன் பண்ணி "செஷன் கிளியர் பண்ணுங்க"ன்னு சொன்னா அங்க இருந்தே பண்ணிடுவாங்க. பான் லைட்டே நிக்காம மின்னிக்கிட்டே இருந்தா மட்டும் சிக்னல் வீக், மேல சொன்ன ஒயர் கதைக்கு திரும்ப போங்க.

எல்லா லைட்டும் பச்சை, வாட்ஸ்அப் வருது, ஆனா ப்ரவுசர்ல எந்த சைட்டும் திறக்கல

இது டிஎன்எஸ் கோளாறா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நாம அடிக்கிற சைட் பேரை நம்பரா மாத்தி கொடுக்கற சர்வர் அது, அது படுத்துட்டா ஏற்கனவே கனெக்ட் ஆகி நிக்கற ஆப் ஓடும், புதுசா எதுவும் திறக்காது. கம்ப்யூட்டர்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து இங்கிலீஷ்ல பிங்னு அடிச்சு இடைவெளி விட்டு 8.8.8.8 போடுங்க. ரிப்ளை வருது, ஆனா அதே இடத்துல கூகுள் பேரை போட்டா வரலைன்னா சந்தேகமே வேண்டாம், டிஎன்எஸ் தான். பெட்டியோட செட்டிங் பக்கத்துல இல்லன்னா அந்த கம்ப்யூட்டர்ல மட்டும் டிஎன்எஸ் 8.8.8.8, ரெண்டாவது 1.1.1.1னு போட்டு பாருங்க. போன்ல மட்டும் இந்த பிரச்சனைன்னா ஆண்ட்ராய்டு செட்டிங்ல ப்ரைவேட் டிஎன்எஸ்னு ஒண்ணு இருக்கு, விளம்பரம் வராம இருக்கன்னு யாரோ சொல்லி எதையாவது போட்டு வச்சிருப்பீங்க, அதை ஆட்டோமேட்டிக்ல மாத்துங்க.

எல்லா சைட்டும் "பாதுகாப்பு இல்லை"ன்னு எச்சரிக்கை காட்டுதுன்னா கம்ப்யூட்டர் தேதியை பாருங்க. பழைய டெஸ்க்டாப்ல மதர்போர்டுல இருக்கற காசு மாதிரி பேட்டரி தீர்ந்துட்டா, ஒவ்வொரு தடவை மெயின் ஆஃப் பண்ணும்போதும் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், தேதி தப்பா இருந்தா சைட்டோட சர்டிபிகேட்டை ப்ரவுசர் நம்பாது. சிஆர் 2032ன்னு கேட்டு வாங்கி மாத்துங்க, வாட்ச் கடைலயே கிடைக்கும், கொஞ்ச ரூபா தான்.

நெட் வருது, ஆனா ஸ்லோ

அதிகமா கேக்கற புலம்பல் இது, அதிகமா தப்பா புரிஞ்சுக்கறதும் இது தான், அதனால இங்க கொஞ்சம் நிதானமா போவோம்.

முதல் வேலை, வைஃபை இல்லாம பாருங்க. ஒரு லேன் கேபிள் எடுத்து லேப்டாப்பை நேரா பெட்டில சொருகி, வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, வீட்ல மத்தவங்க போனை எல்லாம் ரெண்டு நிமிஷம் ஓரமா வைக்க சொல்லிட்டு ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்க. லேன்ல முழு ஸ்பீடு வந்தா கம்பெனி மேல குத்தம் இல்ல, குறை வைஃபைல இருக்கு. லேன்லயே வரலைன்னா தான் அவங்ககிட்ட சண்டை போடணும். இந்த ஒரு டெஸ்ட் பண்ணாம யார் என்ன சொன்னாலும் அது குத்துமதிப்பு தான்.

லேன்ல பார்க்கும்போது ஒரு விஷயம் கவனிங்க. 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டு 94, 95லயே வந்து நிக்குதுன்னா அது லைன் கோளாறு இல்ல, கேபிள் இல்லன்னா போர்ட் 100லயே ஓடுது. லேன் கேபிள்ல உள்ள 8 ஒயர் இருக்கு, 100 எம்பிபிஎஸ்க்கு 4 ஒயர் போதும், ஜிகாபிட்டுக்கு 8ம் வேணும், மிச்ச நாலுல ஒரு ஒயர் அறுந்திருந்தாலும் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும். கேட் 5இ இல்லன்னா கேட் 6னு கேபிள் மேலயே அச்சடிச்சிருக்கறதா பார்த்து வாங்குங்க. சில விலை குறைஞ்ச பெட்டில போர்ட்டே 100 தான், சில லேப்டாப்லயும் அப்படி தான், அதுல என்ன பண்ணாலும் கூடாது.

இன்னொண்ணு, ஃபைல் டவுன்லோடு ஆகும்போது 12ன்னு காட்டுது, 100 பிளான்னு ஏமாத்தறாங்கன்னு நிறைய பேர் கோபப்படறாங்க. கம்பெனி சொல்றது மெகாபிட், ப்ரவுசர் காட்டறது மெகாபைட், 8 பிட் சேர்ந்தா ஒரு பைட். 100ஐ 8ஆல வகுத்தா 12.5, சரியா தான் வருது.

சரி, லேன்ல நல்லா இருக்கு, வைஃபைல இல்ல. வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பேண்டு, அதாவது அலைவரிசை இருக்கு, போன் எதுல இருக்குன்னு பாருங்க. 2.4 தூரம் போகும், சுவரை கொஞ்சம் தாண்டும், ஆனா ஸ்பீடு கம்மி, ஒரே ஆன்டெனா உள்ள சாதாரண போன்ல லிங்க் ஸ்பீடே 72 தான், கைக்கு வர்றது அதுல பாதி சொச்சம், நாப்பது வந்தாலே அதுக்கு அது நல்ல ஸ்பீடு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா போகும், ஆனா ஒரு செங்கல் சுவர் தாண்டினா தளர்ந்துடும், ரெண்டு சுவர் தாண்டினா கஷ்டம், கான்கிரீட் தளம் தாண்டி மாடிக்கு போறது ரொம்ப கஷ்டம். ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சிருந்தா போன் தன் இஷ்டத்துக்கு எதையாவது புடிச்சிக்கிட்டு நிக்கும், அதனால ரெண்டுக்கும் தனித்தனி பேர் வச்சு பாருங்க, ஹால்ல டிவியும் லேப்டாப்பும் 5ல, தூரத்து ரூமும் மாடியும் 2.4ல.

பெட்டி வச்சிருக்கற இடம் தான் நம்ம வீடுகள்ல பெரிய தலைவலி. லைன் போட வரவர் தெருவுக்கு பக்கத்துல இருக்கற ஜன்னல் வழியா ஒயரை உள்ள விட்டு அங்கயே ஆணி அடிச்சு மாட்டிட்டு போயிடுவார், அதனால வீட்டோட ஒரு மூலைல பெட்டி, எதிர் மூலைல பெட்ரூம், நடுவுல ஸ்டீல் பீரோ, கண்ணாடி, கிச்சன். இரும்பும் கண்ணாடி பின்னாடி இருக்கற உலோக பூச்சும் சிக்னலை திருப்பி அடிச்சிடும், தண்ணி உறிஞ்சிடும். புதுசா லைன் போடறவங்க அன்னைக்கே கொஞ்சம் அடம் புடிச்சு வீட்டு நடுவுக்கு ஒயரை கொண்டு வர சொல்லுங்க, பத்து மீட்டர் கூட போனா அவருக்கு ஒண்ணும் பெரிசா ஆகாது, உங்களுக்கு வருஷக்கணக்கா நிம்மதி. டிவி ஸ்டாண்டுக்கு பின்னாடியோ அலமாரிக்குள்ள வச்சு கதவை மூடியோ வைக்காதீங்க, தலை உயரத்துக்கு மேல திறந்த இடத்துல இருக்கணும்.

ராத்திரி மட்டும் ஸ்லோன்னா ரெண்டு காரணம் இருக்கு, ரெண்டையும் பிரிச்சு பார்க்க வழியும் இருக்கு. காலைல 6 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி 9 மணிக்கு ஒரு தடவை லேன்லயும் வைஃபைலயும் டெஸ்ட் பண்ணி எழுதி வையுங்க. ராத்திரில லேனும் சேர்ந்து இறங்குதுன்னா கம்பெனி பக்கம் நெரிசல், ஜிபான்ங்கற இந்த ஃபைபர் முறைல ஒரு போர்ட்டுக்கு சுமார் 2.5 ஜிபிபிஎஸ் தான், அதை 32 வீடு 64 வீடுன்னு பிரிச்சு கொடுக்கறாங்க, அதுக்கு மேல அவங்க வாங்கி வச்சிருக்கற மொத்த பேண்ட்வித் வேற இருக்கு. லேன் அப்படியே இருந்து வைஃபை மட்டும் இறங்கினா அது அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல், அபார்ட்மெண்ட்ல இது சகஜம், எல்லாரும் வேலை விட்டு வந்து ஒரே நேரத்துல போடறாங்க. இதுக்கு போன்ல வைஃபை அனலைசர்னு ஒரு ஆப் போட்டு எந்த சேனல்ல கூட்டம் கம்மின்னு பார்த்து மாத்துங்க. 2.4ல 1, 6, 11 இந்த மூணு தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது, நடுவுல 3, 4னு வச்சா ரெண்டு பக்கமும் இடிச்சு உங்களுக்கும் கெடுதல், பக்கத்து வீட்டுக்கும் கெடுதல். சமையல் நேரத்துல மட்டும் அறுந்து போகுதுன்னா மைக்ரோவேவ் ஓவனை பாருங்க, அதுவும் 2.4 பக்கத்துல தான் வேலை செய்யுது.

மாசக் கடைசில மட்டும் ஸ்லோன்னா டேட்டா தீர்ந்திருக்கும். அன்லிமிடெட்னு போட்டாலும் பல பிளான்ல 3300 ஜிபின்னு ஒரு அளவு இருக்கு, சின்ன பிளான்ல அதை விட கம்மி, தாண்டினா ஸ்பீடை குறைச்சிடுவாங்க. கம்பெனி ஆப்ல பாருங்க. நீங்க அவ்வளவு ஓட்டலைன்னு உறுதியா தெரிஞ்சா பெட்டி செட்டிங்ல யார் யார் கனெக்ட் ஆகியிருக்காங்கன்னு பாருங்க, தெரியாத பேர் இருந்தா வைஃபை பாஸ்வேர்டை மாத்துங்க, போன் நம்பரை பாஸ்வேர்டா வைக்காதீங்க.

ஒரே ஒரு போன்ல, லேப்டாப்ல மட்டும் வரல

மத்ததுல எல்லாம் வருதுன்னா லைனையும் பெட்டியையும் விட்டுடுங்க. அந்த போன்ல வைஃபை பேரை ஃபர்கெட் பண்ணி திரும்ப பாஸ்வேர்டு போடுங்க, விபிஎன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. விண்டோஸ் லேப்டாப்ல ஐபி அட்ரஸ் 169.254னு ஆரம்பிச்சா அதுக்கு பெட்டில இருந்து அட்ரஸ் கிடைக்கலன்னு அர்த்தம், பெட்டியையும் லேப்டாப்பையும் ரெண்டையும் ரீஸ்டார்ட் பண்ணுங்க. அமெரிக்காவுல இருந்து வாங்கிட்டு வந்த லேப்டாப்புக்கு வைஃபை பேரே தெரியலன்னா சேனல் 12, 13ல இருக்கான்னு பாருங்க, அந்த ஊருக்குன்னு செஞ்ச சிலது அதை பார்க்காது, 11க்கு மாத்தினா தெரிஞ்சிடும். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் எல்லாம் பெரும்பாலும் 2.4 மட்டும் தான் எடுக்கும், செட் பண்ணும்போது உங்க போனும் 2.4ல இருக்கட்டும்.

மாடிக்கு ரெண்டாவது ரூட்டர் போட்டதுல இருந்து எல்லாமே குழப்பம்

ரெண்டும் 192.168.1.1னு ஒரே அட்ரஸ்ல உக்காந்துக்கிட்டு, ரெண்டும் அட்ரஸ் கொடுக்க ஆரம்பிச்சிருக்கும். ரெண்டாவதுல அக்சஸ் பாயிண்ட் மோடுனு இருந்தா அதை போடுங்க, இல்லன்னா அதோட அட்ரஸை 192.168.1.2ன்னு மாத்தி, அட்ரஸ் கொடுக்கற அந்த டிஹெச்சிபியை ஆஃப் பண்ணி, கீழ இருந்து வர கேபிளை வான் போர்ட்டுல இல்லாம லேன் போர்ட்டுல சொருகுங்க. கேபிள் இழுக்க சோம்பல்பட்டு ரிப்பீட்டர் வாங்கறதுக்கு நான் ஆதரவு இல்ல, விலை குறைஞ்ச ரிப்பீட்டர் ஒரே ரேடியோவுல வாங்கி அதுலயே திரும்ப அனுப்புது, ஸ்பீடு பாதியா போயிடும். ஒரு நாள் சிரமப்பட்டு லேன் கேபிள் இழுத்துட்டா அது தான் நிக்கும்.

வெளியூர்ல இருந்து வீட்டு சிசிடிவி பார்க்க முடியல

போர்ட் ஃபார்வேர்டு எல்லாம் சரியா பண்ணியும் வரலைன்னா பெட்டியோட ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபியை பாருங்க. 10ல ஆரம்பிச்சாலோ, 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தாலோ உங்களுக்குன்னு தனி பப்ளிக் ஐபி இல்ல, பல வீட்டுக்கு சேர்த்து ஒண்ணு, வெளிய இருந்து நேரா உள்ள வர வழி கிடையாது. காசு கொடுத்து ஸ்டேட்டிக் ஐபி வாங்கணும், இல்லன்னா கேமரா கம்பெனியோட க்ளவுட் ஆப் வழியா பாருங்க.

இடி மின்னலுக்கு அப்புறம் வைஃபை வருது, லேன் போர்ட் மட்டும் செத்துப்போச்சு

கண்ணாடி இழைல மின்சாரம் போகாது, ஆனா அடாப்டர் வழியா வரும், லேன் கேபிள் வழியா வரும், வெளிய இருந்து வர ஃபைபரோட சேர்ந்து ஓடற ஸ்டீல் கம்பியும் இருக்கு. செத்த போர்ட்டை சரி பண்ண முடியாது, வேற போர்ட்டுல சொருகி பாருங்க, எதுவும் வேலை செய்யலைன்னா பெட்டியை மாத்தி கேளுங்க. அடுத்த தடவை இடி கேட்டதும் அடாப்டரை பிளக்கோட கழட்டிடுங்க, சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது.

ஆளை கூப்பிட்டே ஆகணும்னா

மூணு விஷயம் கைல வச்சுக்கிட்டு போன் பண்ணுங்க: எந்த லைட் என்ன கலர், லேன்ல டெஸ்ட் பண்ண ஸ்பீடும் நேரமும், அப்புறம் ஆர்எக்ஸ் பவர், அதாவது பெட்டிக்கு வந்து சேர்ற ஒளியோட அளவு. கடைசி இது பெட்டியோட செட்டிங்ல ஆப்டிகல் இல்லன்னா பான் இன்ஃபர்மேஷன்னு ஒரு பக்கத்துல மைனஸ்ல ஒரு நம்பரா இருக்கும். மைனஸ் 15ல இருந்து 24 வரைக்கும் நல்ல நம்பர், மைனஸ் 27 கிட்ட போயிட்டா விளிம்புல நிக்குதுன்னு அர்த்தம், மழை பேஞ்சா அறுந்து போகும். "ஸ்லோவா இருக்கு"ன்னு சொல்ற ஆளை விட "ஆர்எக்ஸ் மைனஸ் 28 காட்டுது"ன்னு சொல்ற ஆளுக்கு வேகமா ஆள் வருவாங்க. வந்தவர் கம்பத்துல ஏறி ஜாயிண்ட் போட்டு இறங்கினதும் உடனே விட்டுடாதீங்க, அவர் முன்னாடியே அந்த பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணி நம்பர் மாறியிருக்கான்னு பார்த்து, லேன்ல ஒரு டெஸ்ட் ஓட்டிட்டு, புது நம்பரை ஒரு மாஸ்கிங் டேப்ல எழுதி பெட்டி மேலயே ஒட்டிடுங்க. அடுத்த தடவை நீங்க இல்லாத நேரத்துல நெட் போனாலும் வீட்ல இருக்கற அம்மாவோ அப்பாவோ அதையும் இப்ப காட்டற நம்பரையும் சேர்த்து படிச்சு சொல்ல முடியும்.